நைனாவின் தெலுங்கும் தோல்முட்டையும்

நைனா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது அவரிடம் தெலுங்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது. தமிழ் போய்விட்டிருந்தது.

இது எப்படிப்பட்ட இழப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். சித்தூரிலிருந்து குடிபாலா போகிற சாலையில், வீடுகள் முடிந்து மாந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குள் தமிழ் பேசுவோம். கேட்டைத் திறந்து வெளியே போனால் தெலுங்கு. கடை, பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் தெலுங்குதான். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவோம். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல்லே எந்தப் பக்கத்தில் சேர்த்தி என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை, நைனா விழுகிற வரைக்கும்.

அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலான வருடங்கள் சித்தூர்–திருப்பதி ரூட். ஒருநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அம்மாவும் எதிர் வீட்டு அக்காவும் ஆட்டோவில் போட்டு எடுத்துப் போனார்கள். சித்தூரில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திருப்பதியில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவள். செய்தி வந்தபோது ஆபீஸ் சீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நைனா கண்ணைத் திறந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை போர்வைக்கு வெளியே, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது.

சில நாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் ரவுண்ட்ஸ் வந்த கூட்டம் கட்டிலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றபோது அவர் தெளிவாகச் சொன்னார்.

"முந்துக்கு ஜரகண்டி."

முன்னால் நகருங்கள் என்று அர்த்தம். பஸ்ஸில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் ஆயுள் முழுக்கச் சொன்ன வார்த்தை. டாக்டர் சிரித்துவிட்டார். நர்சுகளும் சிரித்தார்கள். எனக்கு நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச்சு வந்துவிட்டது, அது போதும் என்று நினைத்தேன். நைனாவின் பார்வை கூட்டத்தைத் தாண்டி, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் போனது.

"மீரு கூர்ச்சோண்டம்மா," என்றார். நீங்கள் உட்காருங்கள் அம்மா.

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"யார சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதில் ஆச்சரியப்படவில்லை. இரண்டு பாஷை புழங்குகிறவர்களுக்குச் சில சமயம் ஒன்று முன்னால் திரும்பி வரும், இன்னொன்று பின்னால் வரும், வராமலே இருந்துவிடுவதும் உண்டு என்றாள். எது முந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். "ரெண்டுலயும் பேசுங்க. கட்டாயப்படுத்தாதீங்க. அவருக்கே கோபம் வரும், அத பெருசு பண்ணாதீங்க." நாங்கள் தமிழில் சொல்வது நைனாவுக்குப் புரிந்தது. பதில் மட்டும் தெலுங்கில் வந்தது. அதுவும் முழுசாக இல்லை, பஸ்ஸில் கிடந்து தேய்ந்த தெலுங்கு. ஏறுங்கள், மெதுவாக இறங்குங்கள், கொஞ்சம் இடம் விடுங்கள், தண்ணீர் கொடுக்கிறீர்களா அம்மா.

அம்மா காட்பாடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு புரியும். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குப் பேசவும் செய்வாள். அதனால் நைனா சொல்வது விளங்காமல் அவள் தவிக்கவில்லை. அவளுடைய வருத்தம் வேறு. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருநாள் சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"மீருன்றாரு. அம்மான்றாரு. நான் இன்னா டிக்கெட் வாங்கிக்கினு ஏறினவளா?"

அவள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நைனாவின் தமிழில் அம்மாவுக்கு 'நீங்கள்' கிடையாது. 'ஏய்' உண்டு, 'இந்தா' உண்டு. கொடுமைக்காரர் இல்லை, குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வீட்டில் பேசுவதற்கு அதிகம் இல்லாதவர், அவ்வளவுதான். இந்தா தண்ணி, இந்தா துண்டு, ஏய் கேட்ட சாத்து. மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

ஆனால் நான் வேறொரு நைனாவையும் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் விடுமுறைக்கு அவருடைய பஸ்ஸிலேயே திருப்பதிக்குப் போவேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இன்ஜின் மேல் துண்டு விரித்து உட்கார வைப்பார். பாகாலாப் பக்கம் மூட்டையோடு நிற்கிற கிழவிகளுக்காக பஸ்ஸை முழுசாக நிறுத்துவார். "மெல்லகா எக்கண்டம்மா, தொந்தர லேது" என்பார். மெதுவாக ஏறுங்கள் அம்மா, அவசரமில்லை. அந்தக் குரலைக் கேட்கும்போது இவர் யார் என்று தோன்றும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அந்தக் குரலும் அதனோடு போய்விடும். இப்போது பக்கவாதம் வந்து காக்கிச் சட்டைக்காரரை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவர் "கோடி" என்று சொல்ல ஆரம்பித்தார். தெலுங்கில் கோடி என்றால் கோழி. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்தாலே "கோடி, கோடி" என்பார். கொல்லைப்புறத்தைக் கையால் காட்டுவார். ஒரு நேரத்தில் எங்கள் கொல்லையில் கோழிகள் இருந்தன, எப்போதோ நோய் வந்து போய்விட்டன. அம்மா ஒருநாள் முடிவெடுத்துவிட்டாள்.

"ஒரே எடத்துல ஒக்காந்துகினு கீறாரு இல்ல, பாத்துக்கினாச்சும் இருக்கலாம்னு கேக்கறாரு போல."

தன் தம்பிக்கு போன் போட்டாள். காட்பாடியிலிருந்து மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் வெடைக்கோழிகள். குஞ்சுப் பருவம் முடிந்து, இன்னும் முட்டை வைக்கத் தொடங்காதவை. ஒன்று கறுப்பு, ஒன்று செம்மண் நிறம், மற்றவை புள்ளிக்கோழிகள். மாமா கூடையை நைனாவின் நாற்காலி முன்னால் வைத்துத் திறந்தார்.

"மாமா, கொண்ட செவந்துகினு வருது பாருங்க. இன்னும் கொஞ்ச நாள்ல முட்ட வெக்கும்."

நைனா கோழிகளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து, வார்த்தை கிடைக்காமல் கையை உதறினார். சந்தோஷத்தில் திணறுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பழைய விறகுக் கொட்டகையில் வலை அடித்துக் கோழிகளை விட்டோம். வெயில் ஏறும் வரை நைனாவின் நாற்காலி அங்கேதான் கிடந்தது. நான் சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் கிளம்புவேன். ஒவ்வொரு வாரமும் கோழிகளின் கொண்டைகள் இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கும். நைனாவின் தெலுங்கும் கொஞ்சம் கூடியிருக்கும். பிசியோதெரபிக்காரர் கொடுத்துவிட்டுப் போன ரப்பர் பந்து மட்டும் ஜன்னலில் அப்படியே இருக்கும். வலது கையால் அதைப் பிழியச் சொன்னால் நைனா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முதல் முட்டை நான் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோழிகளைத் திறந்துவிடப் போன அம்மா "பாப்பா, இங்க வாயேன்" என்று கூப்பிட்ட குரலில் பயம் இருந்தது. போய்ப் பார்த்தேன். கொட்டகையின் மண்தரையில், உமிக்கு நடுவில், முட்டை வடிவத்தில் ஏதோ ஒன்று கிடந்தது. ஆனால் அது உட்கார்ந்திருக்கவில்லை, தளர்ந்து படுத்திருந்தது. ஓடு இல்லை. நான் உள்ளங்கையில் எடுத்தேன். சூடு இன்னும் இருந்தது. ஈரமில்லாத, மிருதுவான தோல், விரல் வைத்த இடத்தில் பள்ளம் விழுந்து மெல்ல மேலெழும்பியது. கையைச் சாய்த்தால் உள்ளே இருப்பது எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து முட்டையே தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது மஞ்சள் கரு நிழல் போலத் தெரிந்தது. முட்டைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தன, ஓட்டைத் தவிர.

எதிர் வீட்டு அக்கா பால் வாங்கிக்கொண்டு போனவள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"ஒடம்பு சரியில்லாதவரு கீற ஊட்ல இப்பிடி வர்றது நல்லதில்லக்கா. அந்தக் கோழிய யாருக்காச்சும் குடுத்துடு. இத்தயும் தூரமா கொண்டுபோய் போட்டுடு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் எல்லாவற்றையும் அடையாளமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி, விளக்கு, கனவு எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் கேட்டாள். "எந்தக் கோழின்னு தெரிலியே" என்று முணுமுணுத்தாள். அதற்குள் நாற்காலியிலிருந்த நைனா இடது கையை நீட்டிவிட்டார். கொடு என்று விரல்களை ஆட்டினார். நான் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தேன். அவர் கை பெரிய கை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையில் அது ஒரு பக்கமாகப் படிந்தது. உற்றுப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"தோலு," என்றார்.

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

இதன் மற்ற பாதி வந்திருந்தால் விஷயம் தெளிவாகியிருக்கும். தமிழில் நாங்கள் இதைத் தோலுமுட்டை என்போம். தெலுங்கிலும் தோல் என்றால் தோலுதான், முட்டைக்கு மட்டும் குட்டு என்பார்கள். முட்டை என்கிறாரா, குட்டு என்கிறாரா என்று அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். போதாததற்கு, எங்கள் பக்கத்துத் தெலுங்கில் வண்டி ஓட்டுவதற்கும் தோலு என்றுதான் சொல்வார்கள். பஸ் ஓட்டியவர் அதைச் சொன்னாரோ என்னவோ. நைனாவுக்கு மீதி வரவில்லை. முகம் சிவந்து, முட்டையை என் பக்கம் நீட்டிவிட்டார்.

"தமிழுதான்," என்றாள் அம்மா. "தோலு முட்டன்னுதான் சொல்ல வந்தாரு. எனக்குத் தெரியும்."

"தெலுங்கா கூட இருக்கலாம்மா."

"நீ சும்மா இரு."

அந்தக் கோழியை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அம்மா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். கெட்ட சகுனமாக வந்தது ஒரு வார்த்தையில் நல்ல சகுனமாகிவிட்டது. எதிர் வீட்டு அக்கா பாலோடு போய்விட்டாள்.

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சித்தூரில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கொத்தகா குட்லு பெட்டே கோடி கதா?" என்றார். புதிதாக முட்டை வைக்கிற கோழிதானே? ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழக வேண்டும் என்றார். கரு உருவாகி, வெள்ளை சேர்ந்து, தோல் மூடி, கடைசியாக ஓடு கட்டுகிற இடத்தில்தான் முட்டை அதிக நேரம் தங்க வேண்டும். இளம் கோழிக்குச் சில சமயம் அந்த இடத்தில் தங்காமல் வெளியே வந்துவிடும். கிளிஞ்சலோ முட்டை ஓடோ பொடித்துப் போடுங்கள், பயமுறுத்தாமல் விடுங்கள், தானாகச் சரியாகும். சரியாகவில்லை என்றால் கொண்டு வாருங்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

வீட்டுக்கு வந்து நைனாவின் பக்கத்தில் குந்தி இதைத் தமிழில் விளக்கினேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று, "ஓடு கட்டற ஸ்டாப்ல நிக்காம நேரா வந்துடுது நைனா" என்றேன்.

நைனா யோசித்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கு முதலில் பயமாகிவிட்டது. சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"எக்ஸ்பிரஸ்ஸு," என்றார்.

நோய் வந்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓடில்லாத முட்டைக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். போனில் அம்மா சொல்வாள், "இன்னிக்கு ரெண்டு ஆர்டினரி, ஒரு எக்ஸ்பிரஸ்."

முட்டை ஓட்டைப் பொடிக்கிற வேலை நைனாவுக்கு வந்து சேர்ந்தது. கடை முட்டையின் ஓடுகளை அம்மா கழுவி, காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்துச் சின்ன உரலில் போட்டுக் கொடுப்பாள். முதலில் இடது கையால்தான் இடித்தார். இடது கை உலக்கையைப் பிடித்தால் உரல் நகர்ந்துகொண்டே போனது. அதைப் பிடித்துக்கொள்ள வலது கையைத் தூக்கி வைத்தார். சில வாரங்கள் போனதும் கைகள் இடம் மாறியிருந்தன. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிசியோதெரபிக்காரர் வந்து பார்த்துவிட்டு ரப்பர் பந்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தத் தோல்முட்டைகளை என்ன செய்வது என்பதில் கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. அம்மா சமைக்கமாட்டேன் என்றாள். தோல் கிழியாமல், புதிதாக இருந்தால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை நானே ஆம்லெட் போட்டேன். வழக்கம்போல் கிண்ணத்து ஓரத்தில் தட்டினேன். அது உடையவில்லை, ஓரத்தின் மேல் வளைந்து தொங்கியது. இன்னொரு தடவை தட்டினேன். நைனா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கத்தரிக்கோலால் நுனியைக் கத்தரித்துப் பால் பாக்கெட் மாதிரி ஊற்ற வேண்டியிருந்தது. வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சுட்டுக் கொடுத்தேன். நைனா சாப்பிட்டார். தட்டை நீட்டி இன்னொன்று என்று விரலைக் காட்டினார். இன்னொன்று இல்லை.

புள்ளிக்கோழிகள் சீக்கிரமே சரியாகிவிட்டன. செம்மண் நிறக் கோழிதான் விடாமல் எக்ஸ்பிரஸ் விட்டுக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில், நடக்கிற வழியில், எங்கே வேண்டுமானாலும் விட்டுவிடும். விட்டது அதற்கே தெரியாது போலத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில். செம்மண் கோழி உரல் பக்கத்தில் குந்தி எழுந்தது. பின்னாலேயே கறுப்புக்கோழி வந்து, கீழே கிடந்ததை ஒரு கொத்து கொத்தியது. தோல் கிழிந்து மஞ்சள் கரு மண்ணில் வழிந்தது. இன்னொரு கொத்து.

"அடி கய்தே! அத்த ஏண்டி துன்ற?"

நான் திரும்பிப் பார்த்தேன். நைனா நாற்காலியில் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். கொல்லையில் வேறு யாரும் இல்லை. சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். கறுப்புக்கோழி மூக்கில் மஞ்சளோடு கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"இன்னா சொன்னீங்க?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னொரு தபா சொல்லுங்க."

நைனா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். முயற்சி செய்கிறார் என்று தெரிந்தது. நெற்றியில் நரம்பு எழும்பியது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டறதுக்காச்சும் வந்திச்சே," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எவ்ளோ வேணா திட்டுங்க. என்னையே திட்டுங்க."

பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் போனில் சொன்னேன். கோபத்தில் வருகிற வார்த்தை தனி, அது நாம் தேடாமல் தானாக வரும், அதனால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். அடுத்த தமிழ் வார்த்தைக்கு நாங்கள் வெகுநாள் காத்திருந்தோம். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உப்பு. வெயில். பாப்பா. எந்த வரிசையும் இல்லை. தெலுங்கில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடியும். முன்பு நாங்கள் எல்லோரும் பேசியதும் அப்படித்தான் என்பதால், அவர் எப்போது நோயாளியாகப் பேசுகிறார், எப்போது சித்தூர்க்காரராகப் பேசுகிறார் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாத கட்டம் ஒன்று வந்தது. குணமாகிவிட்டார் என்று அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

கோழி வந்த கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. மாமா ஒருநாள் பார்க்க வந்து, "கேட்டீங்களேன்னு தேடி அலைஞ்சி வாங்கியாந்தேன் மாமா" என்று பெருமையாகச் சொன்னார். நைனா மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"நான்... கோழிக் கொழம்பு... கேட்டேன்."

ஆஸ்பத்திரியில் கஞ்சியும் ரசமுமாகக் குடித்து நாக்குச் செத்துப்போன மனிதர் குழம்பு கேட்டிருக்கிறார். நாங்கள் கூடையோடு உயிரோடு கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறோம். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று அம்மா கடையிலிருந்து கறி வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். கொல்லையில் இருப்பதில் ஒன்றைப் பிடிக்கலாம் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

தமிழ் வந்ததில் அம்மாவுக்கு அளவில்லாத சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள்.

"தெலுங்குல இருந்தப்போ நல்லா இருந்தாரு, இல்ல?"

"என்னம்மா சொல்ற?"

"மீரு, ஜரகண்டி, கூர்ச்சோண்டின்னு. எவ்ளோ மரியாத. இப்போ மறுபடியும் ஏய், இந்தா. வந்துடிச்சி பாரு, எல்லாம் வந்துடிச்சி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கீரைக் காம்பை ஒடித்துப் போட்ட வேகத்தில் வேறொன்று இருந்தது. டிக்கெட் வாங்கி ஏறியவளா நான் என்று கேட்டவள் இவள்தான். அந்தச் சில மாதங்கள் அவளும் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் தன் புருஷன் யார் யாரையோ மரியாதையாக ஏற்றி, மெதுவாக இறக்கிவிட்டதை அவள் பார்த்ததில்லை. அம்மா அந்த ரூட்டில் போனாலும் வேறு பஸ்ஸில்தான் போவாள். டூட்டியில் இருக்கும்போது பெண்டாட்டி வந்தால் நைனாவுக்குக் கூச்சம்.

அடுத்த வாரம் நான் பார்த்தது இது. நைனா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா வாசற்படிக்குப் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, தண்ணி," என்றார் நைனா.

அம்மா திரும்பவில்லை. முறம் ஏறி இறங்கியது.

"ஏய். தண்ணி."

முறம் நிற்கவில்லை. நான் எழப் போனேன், அம்மா கண்ணாலேயே உட்கார வைத்துவிட்டாள். நைனாவுக்குக் கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அவர் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைக்காகத் தேடுகிறபோது வருமே, அதே முகம். இந்தத் தடவை தேடியது வார்த்தையைத்தானா என்று எனக்குத் தெரியாது.

"நீள்ளு இஸ்தாரா அம்மா?" என்றார். தண்ணீர் கொடுக்கிறீர்களா அம்மா?

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து, புடவையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டு, பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு போனாள்.

"இஸ்தானு," என்றாள். கொடுக்கிறேன். அவருக்கு அவள் தெலுங்கில் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதனால் நைனா அடியோடு மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். பாதி நாள் இந்தாதான். ஏதாவது வேண்டும் என்றால், தப்பு செய்துவிட்டால், தெலுங்கு வரும். அம்மாவும் அதை அளந்துதான் ஏற்றுக்கொள்கிறாள். சில சமயம் அந்தத் தெலுங்குக்கும் திரும்புவதில்லை. ஒரு மனிதனுக்குள் மரியாதை ஒரு பாஷையிலும் உரிமை இன்னொன்றிலுமாகத் தங்கிவிடுமா, அல்லது பழகியதுதான் காரணமா என்று நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன். நானே வேலை இடத்தில் தெலுங்கில் எத்தனை பொறுமையாகப் பேசுகிறேன், வீட்டுக்குப் போன் செய்தால் அம்மாவிடம் எவ்வளவு சீக்கிரம் எரிந்து விழுகிறேன் என்பதும் அப்போது ஞாபகம் வரும்.

செம்மண் கோழியும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. கறுப்புக்கோழி முட்டை கொத்துவதை விடாததால் மாமா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இந்த வருடம் அம்மா யாரையும் கேட்காமல் பங்காருபாளையம் போய்த் தானே இன்னும் சில வெடைக்கோழிகள் வாங்கிவந்தாள். நைனாவுக்கு அவற்றின் ஜாதி பிடிக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் போனில் என்னிடம் தனித்தனியாகப் புகார் சொன்னார்கள்.

போன திங்கட்கிழமை விடியலில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். மடியில் திருப்பதி அறைக்குக் கொண்டுபோகிற முட்டை டப்பா. டிரைவர் நைனாவுக்குக் கீழே வேலை பழகியவர், என்னைத் தெரியும். கண்ணாடியில் பார்த்து, "சாருக்குத் தமிழ் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சுண்ணா. நல்லா பேசறாரு."

"எங்ககிட்ட எப்பவும் தெலுங்குதான் பேசுவாரு. தமிழ்ல எப்பிடிப் பேசுவாருன்னே எங்களுக்குத் தெரியாதும்மா."

எப்படிப் பேசுவார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டார். ஸ்டாண்டு வாசல் பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது. நான் டப்பாவை மடியிலிருந்து தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன்.